இரவல் பங்காளி

திருச்செங்கோட்டில் என் தாய்மாமன் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கியபோது எனக்கு இருபத்தோரு வயது. பி.யூ.சி.யில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். தோட்டத்திலும் உருப்படியாக எதுவும் செய்யாமல், மற்றவர்கள் செய்வதில் நொட்டை சொல்லிக்கொண்டு திரிந்தேன். இவனை ஊரில் வைத்திருந்தால் ஆகாது என்று மாமன் என்னை வண்டிக்கு மேனேஜர் ஆக்கினார். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று போய்க்கொண்டிருந்த காலம். கிளம்புகிற அன்று அம்மா என் பையில் ஒரு எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் வைத்தாள். "கண்டவிங்க ஏனத்துல உங்காத சாமி" என்றாள். கண்டவர்கள் பாத்திரத்தில் சாப்பிடாதே என்று அர்த்தம். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

வண்டியில் எட்டுப் பேர். சமையல்காரர் ஜலகண்டாபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பைப் ஏற்றி வரும் லாரியின் டிரைவர் சேலம் கோட்டைப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் பாய். துளை போடுகிற டிரில்லர் வாழப்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஊர் என்று சொல்வது தப்பு. ஊருக்கு வெளியே, மேற்கே தள்ளியிருந்த வளவில் பிறந்தவன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் என்று எழுதும்போது இப்போது கை கொஞ்சம் கூசுகிறது. ஆனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் பேசிக்கொண்டோம், ஒரு காலம் வரை.

முதல் மாதம் நான் தட்டும் கையுமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டை நானே கழுவி நானே துடைத்துப் பையில் வைத்துக்கொள்வேன். குடிதண்ணீருக்கே ஒரு மைல் போக வேண்டிய இடத்தில் எனக்கு மட்டும் தட்டு கழுவத் தனித் தண்ணீர். ஒரு நாள் டிரில்லர் எல்லார் முன்னாலும் ரொம்பப் பணிவாகக் கேட்டான்: "ஏங்க மேனேஜர், உங்க தட்டுல போட்டா மட்டும் சோறு வேற ருசியா இருக்குங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அடுத்த வாரம் பாய் லாரியைப் பின்னால் எடுக்கும்போது தட்டு சக்கரத்தில் சிக்கி அப்பளமாகிவிட்டது. வேண்டுமென்றே ஏற்றினார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். கேட்டால் "பாக்கலையே தம்பி" என்றார். அன்றிலிருந்து எல்லோரும் சாப்பிடுகிற தட்டிலேயே நானும் சாப்பிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

பிறகு எனக்கு மலேரியா வந்தது. பத்து நாள் லாரிக்கு அடியில் கோணிப்பையில் கிடந்தேன். கஞ்சி ஊற்றியது, வாந்தியை அள்ளியது, அழுக்குத் துணியை அலசியது எல்லாம் டிரில்லர்தான். எழுந்து நடமாட ஆரம்பித்த அன்று அவன் முதல்முறையாக என்னை "யோவ் மேனேஜரு, நீ இன்னும் சாவலையா?" என்றான். அதுவரை 'நீங்க', 'சாமி' என்றெல்லாம் கூப்பிட்டவன். எனக்குக் கோபம் வரவில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டதில்லை என்றுகூட அப்போது தோன்றியது.

நாலு வருடம் அப்படிப் போயிற்று. அந்த நாலு வருடத்தில்தான் நான் மனிதனாக வளர்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. இந்தி கற்றேன். மீன் தின்னக் கற்றேன். ஒரு ரம்ஜான் மாதத்தில் பாய் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அந்த வெயிலில் பைப் இறக்குவதைப் பார்த்து, எங்கள் வீட்டு அமாவாசை விரதங்களைப் பற்றி நான் வைத்திருந்த பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். துளையிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும் கல்மாவை இரண்டு விரலில் தேய்த்து, கீழே என்ன பாறை ஓடுகிறது என்று சொல்ல டிரில்லரிடம் கற்றேன். எனக்கு அது பாதிதான் வந்தது. அவனுக்கு அது முழுசாக வந்தது.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் நான் நேராக நிலத்துக்காரரிடம்தான் பேசுவேன். டிரில்லர் ஆடு மேய்க்கிறவர்களையும் தண்ணீர் தூக்கும் பெண்களையும் தேடிப் போவான். "கெணத்துக்காரனுக்கு என்னய்யா தெரியும்? கடைசியா எந்தப் புல்லு காயுது, அடியில எங்க தண்ணி ஓடுதுன்னு ஆடு மேய்க்கிறவளுக்குத்தான் தெரியும்" என்பான். பேசத் தகுந்தவர்கள் என்று நான் வைத்திருந்த வட்டம் எவ்வளவு சின்னது என்று அவன் பின்னால் நடந்து நடந்துதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதாக நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் மழை தொடர்ந்து பொய்த்தது. கிணறுகள் எல்லாம் வற்றி, வெளி மாநிலத்தில் இருந்த வண்டிகளை ஊருக்கே திரும்பக் கூப்பிட்டார்கள். நாங்களும் வந்தோம். துளை போடுகிற இடத்தை எங்கள் தொழிலில் பாயிண்ட் என்போம். பாயிண்ட் ஓடுகிற நாட்களில் வண்டிக்காரர்களுக்குச் சோறு போடுவது நிலத்துக்காரர் பொறுப்பு. வடக்கே நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அங்கே எங்கள் எல்லோருக்கும் 'மதராசி' என்று ஒரே சாதிதான்.

திரும்பி வந்த முதல் பாயிண்ட்டிலேயே வீட்டுக்காரர் டிரில்லரின் ஊரை விசாரித்தார். அவன் மறைக்காமல் சொன்னான். மத்தியானம் எங்களுக்கு வீட்டின் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், இலை போட்டார்கள். அவனுக்குக் கட்டுத்தரையில், மாடுகளுக்குப் பக்கத்தில், ஒரு இலையைக் கொண்டுபோய் வைத்தார்கள். அவன் அதைத் தொடவில்லை. மாட்டுக்கு வைத்துவிட்டு பாயிண்ட்டுக்குப் போய்விட்டான். நான் ஆசாரத்தில் உட்கார்ந்து ரசம் வரைக்கும் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது.

ஆனாலும் உள்ளுக்குள் ஆத்திரமாக இருந்தது. என் நண்பனை இப்படி நடத்திவிட்டார்களே என்று இரண்டு நாள் பொருமினேன். அடுத்த பாயிண்ட் நாமக்கல் பக்கம். போகும் வழியில் லாரியில் பாய் ஓட்ட, நானும் டிரில்லரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு அந்தப் பொன்னான யோசனை உதித்தது.

எங்கள் ஆட்களில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் ஊரைக் கேட்பார்கள். அடுத்து, "என்ன கூட்டமுங்க?" என்பார்கள். கூட்டம் என்பது குலம். இருவரும் ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. வேறு வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான், பெண் கொடுத்து எடுக்கலாம். மூன்றாவதாகக் குலசாமி கோயில் எங்கே என்று கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்னால் போதும், ஆள் உள்ளே. வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை.

"என் கூட்டத்தையே சொல்லிக்க. எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு குக்கிராமத்தைச் சொல்லு. என்ற பங்காளின்னு நான் சொல்றேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "எனக்கு எதுக்குய்யா உன் கூட்டம்? நான் வெளியில குந்தி சாப்புடுறது உனக்குப் புடிக்கலன்னா, நீயும் எழுந்து வந்து எம் பக்கத்துல குந்து. சோலி முடிஞ்சுது."

இதை நான் கேட்டேன். காதில் தெளிவாக விழுந்தது. ஆனால் அது ஒரு யோசனை என்றே எனக்குப் படவில்லை. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டு என் திட்டத்தைத் தொடர்ந்தேன். அவனை உள்ளே கூட்டிப்போவதுதான் பெருந்தன்மை என்று நினைத்தேனே தவிர, நான் வெளியே வரலாம் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. அப்படி நான் எழுந்து வந்திருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும் என்று இன்று தோன்றுகிறது.

விடாமல் வற்புறுத்தினேன். கடைசியில் அவன், சரி, வேடிக்கை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டான். அவனுக்குக் குரல் மாற்றிப் பேசுவது கைவந்த கலை. வழி முழுக்கப் பாடம் நடத்தினேன். எங்கள் குலசாமியின் பெயர், கோயில் திருவிழா எந்த மாதம், 'வர்றேன்' என்று சொல்லாமல் 'வாரனுங்க' என்று சொல்வது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவன் திருப்பிச் சொல்லச் சொல்ல எனக்கு ஒரே குஷி. பாய் மட்டும் சாலையைப் பார்த்தபடி, "தம்பி, வேணாம் இது" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீடு பெரிய வீடு. நிலத்துக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர். கிணறு வற்றி, வாழையெல்லாம் காய்ந்து, ஆள் ஒடிந்துபோயிருந்தார். வந்து இறங்கியதும் வழக்கமான கேள்விகள். டிரில்லர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. "நம்ம மேனேஜருக்குப் பங்காளிங்க" என்று என் பக்கம் கை காட்டினான். அவர்கள் வேறு கூட்டம், அதனால் மாமன் மச்சான் உறவு. "அப்பிடீங்களா! அப்பறம் என்ன, ஒறம்பரை ஆயிட்டீங்க. உள்ள வாங்க" என்று அவர் அவன் தோளில் கை போட்டு ஆசாரத்துக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்கார அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் அவனுக்கு இலை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து பாய் லாரியிலேயே தனக்குச் சமைத்துக்கொண்டார். நான் சாப்பிட்டுக்கொண்டே டிரில்லரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவன் திரும்பக் கண்ணடிக்கவில்லை. தலை குனிந்து சாப்பிட்டான்.

முதல் நாள் முழுக்கக் கரும்பாறை. இரண்டாம் நாள் மத்தியானம், பேசிய இருநூறு அடியும் முடிந்தது. வெறும் புழுதி. நிலத்துக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். டிரில்லர் கல்மாவை விரலில் தேய்த்துப் பார்த்தான். நாக்கிலும் கொஞ்சம் வைத்துப் பார்த்தான். "இன்னும் ரெண்டே பைப்பு இறக்கறனுங்க. தண்ணி இல்லீன்னா அந்த ரெண்டு பைப்புக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாமுங்க. என்ற சம்பளத்துல புடிச்சுக்கச் சொல்லீர்றன்" என்றான். என்னைக் கேட்காமலே சொன்னான். இருநூற்று முப்பதைத் தாண்டியதும் புழுதி சேறாகி, சேறு தண்ணீராகி, பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. நிலத்துக்காரர் நனைந்துகொண்டே அழுதார். டிரில்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து புது வேட்டியும் துண்டும் கொண்டுவரச் சொல்லி, துண்டை அவன் தோளில் அவரே போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, உங்க பங்காளிக்கு இன்னும் கண்ணாலம் ஆகலீங்களா? எனக்கு ஒரு தங்கச்சி இருக்குதுங்க" என்றார்.

வேறு கூட்டம் என்றால் பெண் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? பிறந்ததிலிருந்து தெரியும். லாரியில் அதைத்தான் அவனுக்குப் பாடமாகவே நடத்தினேன். ஆனால் ஒரு பந்தி சாப்பாட்டுக்கு மேல் அது போகும் என்று நான் யோசிக்கவில்லை. அவனை யாரும் மாப்பிள்ளையாக நினைத்துப் பார்ப்பார்கள் என்று என் மனதுக்கு ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வியை நான் பல வருடம் கழித்துத்தான் கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

டிரில்லரிடம் சொன்னதும் அவன் புது வேட்டியை மடித்து லாரியில் வைத்தான். "போதும்யா. விடிஞ்சதும் கெளம்பிடலாம். நல்ல சனம், இதுக்கு மேல ஏமாத்தக் கூடாது" என்றான். ஆனால் தண்ணீரைப் பார்த்ததும் பக்கத்துத் தோட்டத்திலிருந்த நிலத்துக்காரரின் தம்பியும் ஒரு பாயிண்ட் போடச் சொல்லியிருந்தார். இன்னும் ஒரே நாள்தானே, சமாளித்துவிடலாம் என்று நான்தான் நிறுத்திவைத்தேன்.

மறுநாள் காலையிலேயே நிலத்துக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் நேராக எங்கள் ஊருக்கு, என் அப்பாவிடம் போயிருக்கிறார். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரிப்பது முறை அல்லவா? அப்பா, "எங்க பங்காளிகள்ள ரிக் வண்டியில டிரில்லர்னு ஒருத்தரும் இல்லீங்களே" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, நிலத்துக்காரர் திருச்செங்கோட்டில் என் மாமனையும் பார்த்துவிட்டார். மாமன் டிரில்லரின் ஊரையும் வளவையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் நிலத்துக்காரர் திரும்பி வந்தார். கூடவே அவர் தம்பியும் நாலைந்து பேரும். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். டிரில்லர் கைகளைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். நிலத்துக்காரர் அவனைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. இவன் உங்க பங்காளியா?"

நான்தான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள்? திட்டியிருப்பார்கள். என் அப்பாவுக்குக் கெட்ட பெயர் வந்திருக்கும். மாமன் வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். அவ்வளவுதான். என் மேல் ஒருவர் கை பட்டிருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

"எங்கிட்டயும் அப்பிடித்தானுங்க சொன்னான். நானும் நம்பிட்டனுங்க" என்றேன்.

காலையில்கூட அந்த வீட்டில் அவனைப் பற்றி 'அவரு' என்று பேசியிருந்தேன். இப்போது என் வாய் தானாகவே 'ன்' போட்டது.

டிரில்லர் என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, புரியாமல்தான் பார்த்தான். "யோவ், என்னய்யா சொல்ற? நீதானே சொல்லச் சொன்ன?" என்றான்.

நிலத்துக்காரரின் தம்பி அவனை அறைந்தார். "யாரைடா நீ, நான்னு பேசற? எங்க ஆளை 'நீ'ங்கறயா?" என்று மறுபடியும் அறைந்தார். அந்த அடி பொய் சொன்னதற்குக்கூட இல்லை. என்னை 'நீ' என்று சொன்னதற்கு. நிலத்துக்காரர் கையைக் காட்டித் தம்பியை நிறுத்தினார். பிறகு என்னிடம் இரண்டாம் முறையாக, "நெசமாவே நீங்க சொல்லச் சொன்னீங்களா தம்பி?" என்று கேட்டார். பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது.

"இல்லீங்க" என்றேன்.

அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. என் சொல்லே போதுமானதாக இருந்தது. டிரில்லர் லாரிக்குப் போய், புது வேட்டியையும் துண்டையும் எடுத்துவந்து வரப்பின் மேல் வைத்தான். பாய் அவனை ஏற்றிக்கொண்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வீட்டில் ஆசாரத்தைக் கழுவ ஆரம்பித்தார்கள். அவன் உட்கார்ந்த இடம், சாய்ந்த சுவர், தண்ணீர் குடித்த சொம்பு எல்லாவற்றையும் கழுவினார்கள். நிறையத் தண்ணீர் தேவைப்பட்டது. முந்தின நாள் வந்ததைத் தொட்டியில் பிடித்துவைத்திருந்தார்களே, அந்தப் புதுத் தண்ணீரைத்தான் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் தெரியவில்லை. எனக்குக் காப்பி கொடுத்தார்கள். ஏமாந்துவிட்டேனே என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்கள். நான் அந்தக் காப்பியையும் குடித்தேன்.

பாய் திரும்பி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேன் தம்பி. யாரும் கேக்கலை. நானாப் பேசியிருக்கணும். அது எந் தப்பு" என்றார். என் தப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இனி வம்பே வேண்டாம் என்று மாமன் வண்டி முழுக்க எங்கள் ஆட்களாகவே போட்டார். எல்லோரும் சொந்தம், எல்லோருக்கும் ஒரே ருசி, ஒரே பேச்சு. சாப்பாட்டில் சண்டை இல்லை. நான் என்ன சொன்னாலும் "ஆமாங்க, சரீங்க" என்றார்கள். நிறுத்தலாம் என்றால் நிறுத்தினார்கள். இன்னும் ரெண்டு பைப் இறக்கு என்று என்னை எதிர்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆடு மேய்க்கிறவளிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம். கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை. மூன்று வருடத்தில் வண்டியை விற்றோம். அதற்கு நூறு காரணம் சொல்லலாம். எனக்குத் தெரிந்த காரணம், அந்த வண்டியில் என்னை மடையன் என்று சொல்ல ஆளில்லாமல் போனதுதான். அந்த நாலு வருடம் தவிர என் வாழ்க்கையில் நான் புதிதாக எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் ஒரு நாள் மனது கேட்காமல் வாழப்பாடிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து அவன் வீட்டுக்குப் போனேன். சின்ன ஓட்டு வீடு. அவன் கல் குவாரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். ஆள் இளைத்து, அந்த வயதிலேயே முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றான். என்னை இனி 'நீ' என்று கூப்பிட மாட்டான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவன் மனைவி தண்ணீர் கொடுத்தார். நான் வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மதிப்பெண் எதிர்பார்க்கிறவன் போல அவன் முகத்தைப் பார்த்தேன். இப்படிப்பட்ட புத்தி எனக்கு. அவன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

மன்னிப்புக் கேட்டேன். அழவும் செய்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அடிச்சது மறந்துபோச்சுங்க" என்றான். "ஆனா அந்தக் கதை திருச்செங்கோடு பூரா போயிடுச்சு. பொண்ணு கட்டறதுக்கு சாதிய மாத்திச் சொன்னவன்னு பேரு. எந்த வண்டியிலயும் ஏத்தல. டிரில்லரு வேலை அதோட போச்சு. அது போவட்டும். அந்த வூட்டுக்காரரு என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாருங்க. அவரு நெனப்புல நான் இன்னும் பொய்யன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட மன்னிப்பு எதுக்குங்க? ஒரே ஒரு தடவை அந்த வூட்டுக்குப் போயி, நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிட்டு வாங்க. அது போதும்."

"அடுத்த வாரமே போறேன்" என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் ஊரில் திருவிழா. பிறகு அந்த வீட்டாரின் சொந்தத்தில் எங்கள் பக்கம் ஒரு சம்பந்தம் நடந்தது, இப்போது போய் இதைக் கிளறினால் நன்றாக இருக்காது என்று பட்டது. ஒரே ஒருமுறை அந்த ஊர் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தூரத்தில் அவர்கள் தோட்டத்தில் வாழை பச்சைப் பசேல் என்று நின்றது. டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். "ஆரைப் பாக்கோணுமுங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "ஒருத்தரையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்த நிலத்துக்காரர் பிறகு காலமாகிவிட்டார். துக்கத்துக்குக்கூட நான் போகவில்லை. வீட்டுக்கார அம்மா இருக்கிறார். அவருடைய தங்கையும் இருக்கிறார்.

வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது தீர்த்துவிடலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்த ஊரின் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. நிலத்துக்காரர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. யாரையும் புண்படுத்தக் கூடாது என்று அப்படி விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா இதைப் படித்துவிட்டு, இது எங்க வீட்டில் நடந்ததுதானே என்று கேட்டாலும், 'இல்லீங்க' என்று நான் சொல்லிவிடலாம். அந்த வீட்டில் இன்றைக்கும் பொய்யன் அவன்தான்.